துடிப்புகளை நேராக்கிய பெட்டியே இடைஞ்சலானது: 480 கி.மீ. ஒளியிழைத் தடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டு முனை நிலையங்களுக்கு நடுவே 480 கி.மீ. ஒளியிழை. இடையில் ஐந்து ஆம்ப்ளிஃபையர் நிலையங்கள். ஆக, தலா 80 கி.மீ. அளவில் ஆறு ஸ்பான்கள். மண்ணில் புதைத்த கேபிள். உள்ளே இருப்பது ஐடியு-டி ஜி.652 வகையைச் சேர்ந்த சாதாரண சிங்கிள்-மோட் இழை. இந்தத் தடத்தில் 24 லேம்டாக்கள், தலா 10 ஜிகாபிட் வேகத்தில், பல ஆண்டுகளாகத் தொல்லை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. லேம்டா என்று நாங்கள் சொல்வது ஒரே இழைக்குள் செல்லும் தனித்தனி அலைநீளங்களை. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடைவெளி 50 கிகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 0.4 நானோமீட்டர்.

10 ஜிகாபிட் லேம்டாவில் செய்தி போகும் விதம் எளியது. ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு பிட்டுக்கு 100 பிகோநொடி. அலைநீளத்துக்கு அலைநீளம் ஒளியின் வேகம் மாறுவதால் துடிப்பு விரிவதுதான் நிறப்பிரிகை, களத்தில் எல்லோரும் சொல்வதுபோல் டிஸ்பெர்ஷன். ஜி.652 இழையில் 1550 நானோமீட்டர் அருகே அது ஒரு கிலோமீட்டருக்கு நானோமீட்டர் ஒன்றுக்கு சுமார் 17 பிகோநொடி. 80 கி.மீ. போனால் 1,360 பிகோநொடி சேர்ந்துவிடும். 10 ஜிகாபிட் துடிப்பின் நிற அகலம் 0.08 நானோமீட்டர் என்று வைத்தாலும், ஒரு ஸ்பான் முடியும்போது துடிப்பு 110 பிகோநொடி அளவுக்குப் பரவி, பக்கத்து பிட்டின் இடத்தில் கால் வைத்துவிடும். ஆறு ஸ்பான் கடந்தால் மொத்தம் 8,160. அந்த வகை ரிசீவர் தாங்குவது ஏறக்குறைய 1,000 மட்டுமே.

அதனால்தான் ஒவ்வொரு ஸ்பானும் முடியும் நிலையத்தில் டிசிஎம் என்ற ஈடுசெய் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு சுருள் இழை. அதன் நிறப்பிரிகை எதிர்க்குறியில், கிலோமீட்டருக்கு சுமார் மைனஸ் 90. ஏறத்தாழ 14 கி.மீ. சுருள் போதும், ஸ்பானில் விரிந்த துடிப்பு பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு பெட்டியும் சுமார் 7 டெசிபெல் ஒளியை விழுங்கும். அந்த இழப்பை மறைக்கவே, இரண்டு கட்டமாகப் பிரிந்த எர்பியம் ஆம்ப்ளிஃபையரின் நடுவில் பெட்டியைச் செருகியிருந்தார்கள். தடம் கட்டப்பட்ட காலத்தில் இதைவிட நல்ல வழி இல்லை.

கொள்ளளவு தீரும் நிலை வந்தபோது, முதல் 100 ஜிகாபிட் கோஹீரன்ட் லேம்டாவை இதே தடத்தில் ஏற்ற முடிவெடுத்தோம்.

காகிதத்தில் எல்லாம் சரி

திட்டத் தாளைத் தயாரித்தவன் நான்தான். அதில் பார்த்தது ஒன்றே ஒன்று: ஓஎஸ்என்ஆர், அதாவது ஒளிக்கும் ஆம்ப்ளிஃபையர் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். ஒவ்வொரு ஸ்பானின் இழப்பு, ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் எண், செலுத்தும் திறன் ஆகியவற்றைப் போட்டதில் மறுமுனையில் 22 டெசிபெல் கிடைத்தது. புதிய ரிசீவர் கேட்டது 13 அளவு. ஒன்பது டெசிபெல் மிச்சம். இவ்வளவு மிச்சம் இருக்கும் தடத்தைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நிறப்பிரிகைக்கான கட்டத்தில் ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருந்தேன். கோஹீரன்ட் ரிசீவர் ஒளியின் வீச்சோடு அதன் கட்டத்தையும் (ஃபேஸ், அதாவது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்) அளந்து, எண்களாக்கி, உள்ளே இருக்கும் டிஎஸ்பி சில்லில் நிறப்பிரிகையைக் கணக்குப் போட்டே நீக்கிவிடும். பல பத்தாயிரம் பிகோநொடி வரை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கள் தடத்தில் டிசிஎம் எல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதோ சில நூறு. அது நல்ல செய்தி என்றே நினைத்தேன்.

லேம்டா வரிசையின் நடுவில் ஒரு காலி இடம் இருந்தது. இருபுறமும் 10 ஜிகாபிட் லேம்டாக்கள். அந்த இடத்தையே கொடுத்தோம்.

ஏற்றிய முதல் வாரம்

லேம்டா உடனே பிடித்துக்கொண்டது. ரிசீவர் தன் திரையில் எஞ்சிய நிறப்பிரிகை 310 என்று காட்டியது. ‘தடம் ரொம்ப சுத்தமா இருக்கே’ என்று ஒருவர் சொன்னதும், எல்லோரும் தலையாட்டியதும் நினைவில் இருக்கிறது.

ஆனால் ரிசீவரின் பிழைதிருத்தக் குறியீடான ஃபெக் திருத்துவதற்கு முந்திய பிழை விகிதம் (பிஇஆர்) எதிர்பார்த்ததைப்போல் இல்லை. 22 டெசிபெல் இருக்கும் தடத்தில் 10 லட்சம் பிட்டுக்குச் சில பத்துப் பிழைகள் இருந்தால் இயல்பு. நாங்கள் கண்டது 1,000 பிட்டுக்கு 9. இந்த ஃபெக் 1,000-க்கு சுமார் 20 வரை திருத்திவிடும், ஆகவே வாடிக்கையாளர் பக்கம் பிழையே தெரியவில்லை. எண் பெரிதாக இருந்தும் சேவை சுத்தமாக ஓடியதால், மூன்று நாள் அதைக் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தோம்.

நான்காம் நாள் மாலை பிழை விகிதம் சில நொடிகளுக்கு 20-ஐத் தாண்டியது. திருத்த முடியாத பொட்டலங்கள் வந்தன, இரு முனை ரவுட்டர்களும் இணைப்பை அறுத்து மீண்டும் கட்டின. அதே வாரத்தில் இன்னும் மூன்று முறை. நேரத்துக்கும் வெப்பநிலைக்கும் போக்குவரத்து அளவுக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. போக்குவரத்தை மாற்றுத் தடத்துக்குத் திருப்பிவிட்டு, லேம்டாவைச் சோதனைக்கென்று வைத்துக்கொண்டோம். இந்த ஒரு முடிவை மட்டும் முதல் தடவையே சரியாக எடுத்தோம்.

தவறான திசையில் ஒன்பது நாள்

முதல் சந்தேகம் கனெக்டர் அழுக்கு. வழக்கமாக அதுதான் குற்றவாளி. இரு முனைகளிலும் பேட்ச் கார்டுகளைத் துடைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டை மாற்றினோம். இழையில் எங்கே இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியைப் போட்டோம். ஒரு ஸ்பிளைஸில் (இழை ஒட்டில்) 0.3 டெசிபெல் இழப்பு, பழையது, மாறாதது. எதற்கும் அசையவில்லை.

அடுத்து, லேம்டாவை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்பாண்டர் கார்டை மாற்றினோம். அதே எண்.

பிறகு மூத்த பொறியாளர் ஒருவர் செலுத்து திறனைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். சத்தத்தில் பேச்சு கேட்காவிட்டால் உரக்கப் பேசுவது இயல்பான யோசனை. 100 ஜிகாபிட் லேம்டாவை மட்டும் 1 டெசிபெல், பிறகு 2 டெசிபெல் உயர்த்தினோம். பிழை விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. 1 டெசிபெல் குறைத்தோம். அப்போதும் அப்படியே. ‘திறனால் பயனில்லை’ என்று எழுதி அந்தப் பக்கத்தை மூடினோம்.

இந்த ஆய்வை எழுத உட்கார்ந்தபோது எனக்கு மிகவும் உறுத்திய வரி அதுதான். விடை அந்தச் சோதனையிலேயே இருந்தது. ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் காரணமாயிருந்தால் திறன் கூடும்போது பிழை குறைந்திருக்க வேண்டும். லேம்டா தன் சொந்தத் திறனால் இழையில் தன்னையே கெடுத்துக்கொண்டிருந்தால் பிழை கூடியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், கெடுப்பது எதுவோ அது நம் லேம்டாவின் திறனைச் சார்ந்ததல்ல. அது வெளியிலிருந்து வருகிறது. ‘மாற்றம் இல்லை’ என்ற பதிலை விடையாக எடுத்துக்கொள்ளாமல் விடையின்மையாக எடுத்துக்கொண்டோம்.

ஸ்பெக்ட்ரம் அனலைசரும் உதவவில்லை. அதில் எல்லா லேம்டாக்களும் ஒழுங்கான உயரத்தில், சுத்தமான இடைவெளியில் நின்றன. அது காட்டுவது திறனை மட்டும். எங்கள் லேம்டா கெட்டதோ கட்டத்தில்.

பின்னிரவுக் குறிப்பு

13-ஆம் நாள் பின்னிரவு. வேறொரு வேலைக்காக, எங்கள் லேம்டாவுக்கு அடுத்திருந்த 10 ஜிகாபிட் லேம்டாவின் கார்டை மாற்ற அனுமதி பெற்றிருந்தார்கள். அதன் போக்குவரத்தைக் காப்புத் தடத்துக்கு மாற்றி, லேசரை அணைத்தார்கள். கண்காணிப்பு மையத்தில் ஷிஃப்டில் இருந்த இளைய பொறியாளர், தமக்குச் சம்பந்தமில்லாத எங்கள் லேம்டாவின் வரைபடத்தையும் ஒரு மூலையில் திறந்து வைத்திருந்தார். பிழை விகிதம் ஒரே கணத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. 40 நிமிடம் கழித்துப் புதிய கார்டு ஒளிர்ந்ததும் பழைய இடத்துக்கே ஏறியது.

ஷிஃப்ட் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவைத்துவிட்டு, காலையில் என்னிடம் வந்தார். “சார், பக்கத்து லேம்டா அணைஞ்சதும் நம்ம பிஇஆர் இறங்கிடுச்சு. திரும்ப ஏத்தினதும் ஏறிடுச்சு. தற்செயலா இருக்கலாம், ஆனா ரெண்டு தடவையும் அதே நிமிஷம்.” அவர் அதைத் தற்செயல் என்று விட்டிருந்தால் இன்னும் எத்தனை கார்டு மாற்றியிருப்போமோ தெரியாது.

அனுமதி பெற்று, வேறொரு இரவில் முறையாகச் செய்தோம். போக்குவரத்தைக் காப்புக்கு மாற்றிவிட்டு அண்டை லேம்டாக்களை ஒவ்வொன்றாக அணைத்தோம். இருபுறமும் ஒட்டியிருந்த இரண்டையும் அணைத்ததில் 1,000-க்கு 9 என்பது 1-க்கும் கீழே வந்தது. அதற்கடுத்த இரண்டை அணைத்ததில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்கு அப்பால் இருந்தவற்றால் பெரிய வித்தியாசம் இல்லை. காப்பு வசதியுள்ள அண்டைகள் எல்லாம் அணைந்த நிலையில் 10 லட்சத்துக்கு 20. காகிதத்தில் எதிர்பார்த்த எண்ணும் அதுதான்.

நடந்தது என்ன

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அதன் வழியே போகும் ஒளியின் செறிவுக்கு ஏற்ப மிக நுண்ணிய அளவு மாறும். இது கெர் விளைவு. 10 ஜிகாபிட் லேம்டாவில் 1 வரும்போது ஒளி இருக்கிறது, 0 வரும்போது இல்லை. ஆக, அது போகும் இழைப்பகுதியின் ஒளிவிலகல் எண் பிட்டுக்குப் பிட்டு ஏறி இறங்குகிறது. அதே இழையில் செல்லும் பக்கத்து லேம்டாவின் கட்டமும் அதற்கேற்ப முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. இது எக்ஸ்பிஎம், குறுக்குக் கட்டப் பண்பேற்றம். 10 ஜிகாபிட் ரிசீவர் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை, ஆகவே 24 லேம்டாக்களும் இத்தனை ஆண்டு ஒன்றையொன்று தொந்தரவு செய்ததாக உணரவேயில்லை. எங்கள் புதிய லேம்டாவோ செய்தியைக் கட்டத்தில்தான் எழுதுகிறது. வட்டத்தின் நான்கு திசைகளில் ஒன்றைச் சுட்டுவதே அதன் எழுத்து. அந்த முள்ளைத்தான் அண்டை லேம்டாக்கள் ஆட்டிக்கொண்டிருந்தன. முள்ளை ஆட்டுவதோடு ஒளியின் துருவமுனைப்பையும், அதாவது ஒளி அலை அதிரும் திசையையும், அண்டைகள் திருகிவிடும். இழையில் துருவமுனைப்பு நாளெல்லாம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருப்பதால், பாதகமான நிலை எப்போது அமையும் என்று சொல்ல முடியாது. காரணமின்றி வந்ததுபோல் தெரிந்த அந்தத் திடீர்ப் பிழை வெடிப்புகளுக்கு எங்கள் விளக்கம் அதுதான்.

இதுவரை சொன்னது எந்த இழைக்கும் பொருந்தும். எங்கள் தடத்தில் அது ஏன் இவ்வளவு கடுமையாக இருந்தது என்பதில்தான் டிசிஎம் வருகிறது.

நிறப்பிரிகை இரண்டு வேலை செய்கிறது. துடிப்பை விரிக்கிறது என்பது தெரிந்தது. வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு வேகத்தில் ஓடவும் வைக்கிறது. 0.4 நானோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு லேம்டாக்கள் ஒரு கிலோமீட்டருக்கு 6.8 பிகோநொடி விலகும். ஒளி வலுவாக இருப்பது ஸ்பானின் முதல் 20 கி.மீ. அளவில்தான், பிறகு தேய்ந்து அதன் தாக்கம் அடங்கிவிடும். அந்த 20 கி.மீட்டரில் விலகல் 136 பிகோநொடி, ஒரு பிட்டைவிடச் சற்று அதிகம். எங்கள் லேம்டாவின் ஒரு புள்ளி, அண்டையின் ஓரிரு பிட்டுகளை மட்டுமே உரசிக்கொண்டு போகிறது. ஸ்பான் முடியும்போது மொத்த விலகல் 544 பிகோநொடி. அப்படியே விட்டிருந்தால் அடுத்த ஸ்பானில் அதே புள்ளி வேறு பிட்டுகளைச் சந்தித்திருக்கும். ஒரு ஸ்பானில் வலப்பக்கம் தள்ளியது அடுத்ததில் இடப்பக்கம் தள்ளியிருக்கும், பெரும்பகுதி தன்னாலேயே கரைந்திருக்கும்.

டிசிஎம் அந்த 544-ஐ ஏறக்குறைய முழுவதும் திருப்பிக் கொடுத்தது. துடிப்பை நேராக்கும்போது வரிசையையும் நேராக்கியது. அடுத்த ஸ்பானின் வாசலில் அதே புள்ளி அதே பிட்டுகளுக்கு எதிரே மறுபடி நின்றது. ஒரே திசையில் ஆறு முறை தள்ளல். தனித்தனி உதைகளாக இருந்தால் ஆறும் சேர்ந்து சுமார் இரண்டரை மடங்குதான் ஆகும். ஒரே உதை திரும்பத் திரும்ப வந்தால் ஆறு மடங்கு. ரிசீவர் காட்டிய 310 என்ற ‘சுத்தமான’ எண் இதற்கான எச்சரிக்கை. நாங்கள் அதைப் பாராட்டாகப் படித்தோம்.

இந்தத் துறைக்கு இது புதிதும் அல்ல. 1550 நானோமீட்டரில் நிறப்பிரிகையே இல்லாதபடி வடிவமைத்த ஜி.653 இழை ஒரு காலத்தில் சிறந்த தீர்வாகத் தோன்றியது. ஒரே இழையில் பல லேம்டாக்களைப் போடத் தொடங்கியதும், எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியதால் நான்கலைக் கலப்பு தலைதூக்கி, இல்லாத அலைநீளங்களில் போலி ஒளி முளைத்தது. பிறகு வந்த ஜி.655 இழையில் வேண்டுமென்றே கொஞ்சம் நிறப்பிரிகையை விட்டுவைத்தார்கள். பாடம் எங்களுக்குத் தெரியும். அது பழைய இழைக்கான பாடம் என்று நினைத்திருந்தோம். எங்கள் ஈடுசெய் பெட்டிகளும் சேர்ந்து ஜி.653-இன் வேலையைத்தான் செய்கின்றன என்று தோன்றவில்லை.

எடுத்த முடிவுகள்

கருவி தந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவு மூன்று வழி சொன்னது: அண்டைகளின் திறனைக் குறைப்பது, இடைவெளி விடுவது, டிசிஎம்களை எடுத்துவிடுவது. மூன்றாவதே நிரந்தரத் தீர்வு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 10 ஜிகாபிட் லேம்டா ஒன்று மிச்சமிருந்தாலும் அதைச் செய்ய முடியாது. 8,160 எங்கே, 1,000 எங்கே. ஆகவே முதல் இரண்டையும் உடனே செய்து, மூன்றாவதற்கு நாள் குறித்தோம்.

முதலில் திறன். அருகிலிருந்த நான்கு 10 ஜிகாபிட் லேம்டாக்களையும் பிளஸ் 2 டிபிஎம்மிலிருந்து 0-வுக்கு இறக்கினோம். அவற்றுக்குத் தேவையானதைவிட இரைச்சல் விகிதம் தாராளமாக இருந்ததால் அவற்றின் சேவை பாதிக்கப்படவில்லை. 1,000-க்கு 9 என்பது 2 ஆனது. இதைச் செய்யும்போது மூன்றாம் நிலையத்தில் இன்னொன்று கிடைத்தது. டிசிஎம்முக்கு முன்னால் இருக்க வேண்டிய, ஒளியைக் குறைக்கும் சிறிய அட்டெனுவேட்டர் எப்போதோ கழற்றப்பட்டு, திரும்பப் போடப்படாமல் இருந்தது. சுருள் இழையின் உட்கரு மிகக் குறுகலானது, அதே திறன் அதற்குள் போனால் கெர் விளைவு பல மடங்கு. அட்டெனுவேட்டரைப் போட்டதில் பிழை லேசாகத்தான் குறைந்தது, ஆனாலும் அது அங்கே இருக்க வேண்டியதுதான்.

பிறகு இடைவெளி. 100 ஜிகாபிட் லேம்டாவை வரிசையின் ஓரத்துக்கு நகர்த்தி, அதற்கும் அருகிலுள்ள 10 ஜிகாபிட்டுக்கும் நடுவே 200 கிகாஹெர்ட்ஸ் காலியாக விட்டோம். அந்தத் தூரத்தில் 20 கி.மீட்டருக்குள்ளேயே 544 பிகோநொடி விலகிவிடும், ஐந்து பிட்டுகளின் உதைகள் கலந்து சமனாகும். இதற்காக மூன்று 10 ஜிகாபிட் லேம்டாக்களை இடம்மாற்ற வேண்டியிருந்தது. இரண்டின் லேசரை மென்பொருளிலேயே மாற்றிவிட்டோம். மூன்றாவது நிலையான அலைநீளக் கார்டு, உதிரி வரும்வரை 19 நாள் காத்திருந்தோம். முடிந்தபோது 10,000-க்கு 1. போக்குவரத்தைத் திரும்ப ஏற்றினோம். அதன்பின் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.

டிசிஎம்களைக் கழற்றிய இரவு

எட்டு மாதம் கழித்து, 24 லேம்டாக்களின் போக்குவரத்தும், பல 10 ஜிகாபிட்டுகளை ஒரே 100 ஜிகாபிட்டாகச் சேர்க்கும் மக்ஸ்பாண்டர்கள் வழியாகப் புதிய 100 ஜிகாபிட் லேம்டாக்களுக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசி 10 ஜிகாபிட் கார்டை அணைத்த வாரத்திலேயே டிசிஎம்களைக் கழற்றினோம்.

இதில் கவனம் பிசகும் இடம் ஒன்று உண்டு. பெட்டியை எடுத்தால் 7 டெசிபெல் இழப்பும் கூடவே போய்விடும். எர்பியம் ஆம்ப்ளிஃபையர் ஒரு குறிப்பிட்ட கெயினுக்காக (பெருக்க அளவுக்காக) வடிவமைக்கப்பட்டது. அதிலிருந்து விலகினால் சில லேம்டாக்கள் உயரும், சில தாழும், தட்டு சாயும். எனவே ஒவ்வொரு பெட்டியின் இடத்திலும் அதே அளவு அட்டெனுவேட்டரை வைக்கத் திட்டம். நான்காம் நிலையத்தில் 7-க்குப் பதிலாக 5 டெசிபெல் துண்டைப் போட்டுவிட்டார்கள். இரு ஓர லேம்டாக்களுக்கு இடையே 2 டெசிபெல்லுக்கு மேல் சாய்வு தெரிந்ததால் அங்கேயே பிடித்துவிட்டோம்.

காலையில் ரிசீவர் காட்டிய நிறப்பிரிகை 8,150. பிழை விகிதம் 10 லட்சத்துக்கு 10-லிருந்து 15-க்குள். லேம்டாக்களைக் காவல் இடைவெளி இல்லாமல் 50 கிகாஹெர்ட்ஸில் ஒட்ட வைத்தும் அது மாறவில்லை. எதிர்பாராத கூடுதல் பயனும் ஒன்று: ஆறு சுருள்களில் ஒளி ஓடிய 85 கி.மீ. அளவு இழை பாதையிலிருந்து நீங்கியதால், ஒருவழித் தாமதம் சுமார் 0.4 மில்லிநொடி குறைந்தது.

மாற்றிச் செய்வது

திட்டத் தாளில் இப்போது ஓஎஸ்என்ஆருக்கு அடுத்து இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று, தடத்தில் டிசிஎம் இருக்கிறதா, ஸ்பானுக்கு ஸ்பான் எஞ்சும் நிறப்பிரிகை எவ்வளவு. இன்னொன்று, இருபுறமும் ஒட்டியிருப்பவை எந்த வகை லேம்டாக்கள். டிசிஎம் உள்ள தடத்தில் 10 ஜிகாபிட்டுக்கு அருகே கோஹீரன்ட் வைப்பதானால், 200 கிகாஹெர்ட்ஸ் காலி இல்லாமல் தாள் மேலே நகராது.

சந்தேகத்துக்குரிய லேம்டாவின் திறனை ஏற்றி இறக்கும் சோதனையை முதல் நாளிலேயே செய்கிறோம். பிழை கூடியதா, குறைந்ததா, அசையவில்லையா என்ற மூன்று பதில்களும் தாளில் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்பதும். கனெக்டர் துடைப்பது பட்டியலில் இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது, அதை மாற்றுவதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

டிசிஎம் உள்ள இன்னொரு தடம் எங்களிடம் இருக்கிறது. அதில் 10 ஜிகாபிட் லேம்டாக்கள் இன்னும் 11 ஓடுகின்றன. 100 ஜிகாபிட் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது. வரிசையின் மேல் ஓரத்தில் இடம் ஒதுக்கி, அடுத்த நான்கு இடங்களையும் பூட்டி வைத்திருக்கிறோம்.